அட்டையில்லாத ஏழு ஏடுகள்

கேட்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை மூன்று. டோக்கியோ நகரில், ஓச்சனோமிசு நிலையத்திலிருந்து இறங்கும் சரிவில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. கபுகி என்னும் நாடக மரபைச் சேர்ந்த கையெழுத்துப் படிகள், விளம்பரத் தாள்கள், ஒப்பனைக் குறிப்புகள் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் அது சேர்ப்பதில்லை. இது ஒன்று. அந்த மரபில் முழு நாடகப் படி எழுதுவோர் அறையை விட்டு வெளியே போகாது. ஒவ்வொரு நடிகருக்கும் அவர் பேச வேண்டிய வரிகளை மட்டும் பிரித்தெழுதித் தைத்து, அட்டையில் நாடகத்தின் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் நடிகரின் பெயரையும் போட்டு ஒரு மெல்லிய ஏட்டைக் கொடுத்துவிடுவார்கள். ககினுகி என்பார்கள் அதை. எதிரில் நிற்பவர் பேசுவது அதில் இராது. இது இரண்டு. இந்த ஊர் ரயிலில் யாரும் கைபேசியில் பேசுவதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது, ஆனால் பேசுகிறவரைப் பெட்டி முழுவதும் பார்க்காமல் பார்க்கும். இது மூன்று.

மரகதவல்லி அந்த நூலகத்தில் பதினோர் ஆண்டுகளாக அட்டவணை எழுதுகிறாள். சங்கரன்கோவிலில் பிறந்தவள், பாளையங்கோட்டையில் தமிழ் இலக்கணம் படித்தவள், ஒப்பிலக்கண ஆய்வுக்கென்று இங்கே வந்து, ஆய்வு முடிந்த பிறகும் திரும்பாமல் ஐம்பத்து மூன்று வயதை எட்டியவள். ஒரு பொருள் அதற்குரிய இடத்தில் இல்லையென்றால் அவளுக்குச் சோறு இறங்காது. சென்ற மாதம், இடிக்கப்படவிருந்த வீடு ஒன்றின் பரணிலிருந்து பன்னிரண்டு பெட்டிப் பழந்தாள்கள் நூலகத்துக்கு வந்தபோது, பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது. பூஞ்சணம் உள்ளே நுழைந்தால் மற்ற ஏடுகளையும் தின்னும். எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதற்கு விதி எழுதியவள் அவளே: பூஞ்சணம் உண்டு, அட்டை இல்லை, தொடக்கமும் முடிவும் விளங்கவில்லை என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்தால் அது சிதைந்த பகுதி, மறுக்கலாம். மறுத்தவற்றை ஒட்டிய பெட்டிகளில் அடைத்து, திறக்காமலேயே காகித ஆலைக்குக் கொண்டுபோய்க் கூழாகக் கரைத்துவிடுவார்கள். இருநூற்றுப் பதினான்கு உருப்படிகள், ஐந்து பெட்டிகள், பட்டியலின் அடியில் அவளுடைய முத்திரை. இரண்டு பெட்டிகள் திங்களன்றே போய்விட்டன. மற்ற மூன்றும் இன்று, புதன்கிழமை, காலை ஒன்பதரைக்குப் போகும்.

எட்டு முப்பத்தெட்டுக்கு மிதாகாவில் புறப்படும் வண்டியில், மூன்றாம் பெட்டியில், இடப்பக்கக் கதவை ஒட்டிய கம்பிக்கருகில் அவள் நின்றிருந்தாள். நாள்தோறும் நிற்கும் இடம் அதுதான். ஜூன் மாதத்து மழை. ஈரக்குடைகளின் வாடை, ஈரக் கம்பளித் துணியின் வாடை, யாரோ காலையில் வறுத்த மீனின் வாடை. ஒன்பது மணிக்கு, நூலகத்தை நடத்தும் அறக்கட்டளையின் குழு கூடுகிறது. அவளுடைய ஓராண்டு ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்பது இன்றுதான் முடிவாகும். நேற்று மாலை நூலகத் தலைவர் இனோகுமா, குடையை உதறியபடியே, "நாளை உங்கள் பெயரை நான்தான் எடுத்து வைக்கப் போகிறேன், மராகதா-சான். பதினோர் ஆண்டில் உங்கள் அட்டவணையில் ஒரு திருத்தமும் வந்ததில்லை என்று சொல்வேன்" என்றார்; அவள் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும், சான் என்பது மரியாதைக்கு. "ஒன்று வந்தது. ஏழாம் ஆண்டில். ஓர் ஆண்டெண் மாறிவிட்டது" என்றாள் அவள். "அதையும் சொல்லட்டுமா?" "சொல்லுங்கள்." அவர் சிரித்தார். அவளும் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்ற எண்ணம் கிச்சிஜோஜி வரைக்கும் கூடவே வந்தது. அங்கே ஏறிய கூட்டத்தில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், மருத்துவமனைச் சீருடைமேல் மழைச்சட்டை போட்டவள், கதவின் மறுபக்கக் கம்பியில் சாய்ந்துகொண்டு கையால் வாயை மூடிக்கொண்டு கைபேசியில் பேசத் தொடங்கினாள். பெட்டி முழுவதும் அவளைப் பார்க்காமல் பார்த்தது. "ஆமாம்." நிறுத்தினாள். "இல்லை, அவர் இன்னும் வரவில்லை." நிறுத்தினாள். "எப்போதிலிருந்து?" மறுபடி. "அது எனக்குத் தெரியாது. அங்கேயே இருக்கட்டும். நான் வந்து சொல்கிறேன்." முணுமுணுவென்று மன்னிப்புக் கேட்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு அணைத்தாள். என்ன ஒழுங்கில்லாத பேச்சு, தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, என்று மரகதவல்லி நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்பின் சொற்கள் தனக்குத் தெரிந்த சொற்களாக இருப்பதைக் கண்டாள். அவளுடைய விதியில் அவள் எழுதிய சொற்கள் அவை.

அட்டையில்லாத ஏழு ஏடுகள். பட்டியலில் நூற்று நாற்பத்தொன்று முதல் நூற்று நாற்பத்தேழு வரை. ஒரே கையெழுத்து. ஒரே மல்பெரித் தாள். இல்லை, அப்படி இராது. ககினுகி என்பது அவளுக்குத் தெரியாத பொருளா, பதினோர் ஆண்டில் எண்ணூறுக்கு மேல் பார்த்தவள், எண்ணூற்று முப்பத்திரண்டு. ஆனால் அந்த எண்ணூற்று முப்பத்திரண்டுக்கும் அட்டை இருந்தது. அட்டையைப் பார்த்துத்தானே ககினுகி என்று எழுதினாய்? அட்டையைப் பார்த்து எழுதினாயா, உள்ளே படித்து எழுதினாயா? நடிகரின் பெயருள்ள அட்டைகளை யாராவது கிழித்துச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அப்படிச் செய்கிற ரசிகர்கள் உண்டு, எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சாய்கோடு இருந்தது. அதை அடித்தல் என்று எடுத்துக்கொண்டாள். அடித்துத் திருத்திய வரைவு என்று குறிப்புப் பத்தியில் எழுதினாள். அது அடித்தல் அன்று. எதிரில் நிற்பவர் பேசும் நேரம் அது. எல்லா நாடகக் குழுவும் எதிராளியின் கடைசிச் சொல்லை எழுதுவதில்லை. சில குழுக்கள் வெறும் கோடு போடுவதுண்டு என்று எங்கோ படித்திருக்கிறாள், யார் எழுதியது, எந்த அலமாரி, அது இப்போது வேண்டாம். வேண்டாத ஒன்றைத் தேடி மனம் ஓடுவது அச்சத்தினால். அச்சத்தை ஒதுக்கி வை. பொருளைப் பார்.

பொருளைப் பார்த்தாள். அவளுடைய மனம் ஒருமுறை கண்ட வாக்கியத்தை எளிதில் விடாது. அதுவே அவளுடைய சம்பாத்தியம், அதுவே அவளுடைய தொல்லை. எலி மூலையைக் கடித்த ஏட்டில்: யார் அங்கே? பிறகு ஒரு கோடு. இந்த மழையிலா? எண்ணெய்க்கறை பட்ட ஏட்டில்: பாலம் போய்விட்டது, ஒரு பொழுது ஒதுங்கிக்கொள்கிறேன். யார் அங்கே, பாலம் போய்விட்டது, ஒரு பொழுது ஒதுங்கிக்கொள்கிறேன், இந்த மழையிலா? வண்டி ஓகிகுபோவில் நின்று கிளம்பியது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நூல் அறுந்த ஏட்டில்: அவரை உள்ளே விடாதீர்கள், மாமா. எலி கடித்ததில்: நான் விடவில்லை, மழைதான் அவரை உள்ளே விட்டது. அது நகைச்சுவை. அவள் தனியே படித்தபோது அதில் நகைச்சுவை இல்லை; பொருளற்ற வாக்கியம் என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டாள், நேர்த்தியாக, மைக்கோலால் இல்லாமல் பென்சிலால். ஏழும் ஒரே நாடகம். சிதைந்த பகுதிகள் ஏழு அல்ல, முழுமையான பொருள் ஒன்று. அந்த வரிகளை அவள் வேறெந்தப் படியிலும் கண்டதில்லை. வேறெங்கும் இல்லையென்றால், அந்த நாடகம் இன்றைக்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே இடம், ஒட்டிய பெட்டிகளுக்குள். கரைக்க அனுப்பியவள் இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஒன்பதரைக்கு ஆலையின் வண்டி வரும். ஒன்பது மணிக்கே வந்து கதவு திறந்து பெட்டிகளை ஒப்படைப்பவர் நெமொத்தோ. அவரிடம் கைபேசி கிடையாது, வாங்கமாட்டேன் என்று பிடிவாதம். நூலகத்தின் தொலைபேசி பத்து மணி வரை இயந்திரத்தில் இருக்கும். அடுத்த நிலையத்தில் இறங்கி நின்று அழைத்தால், உங்கள் அழைப்புக்கு நன்றி என்று தன் குரலையே தான் கேட்கலாம். அந்த அறிவிப்பைப் பதிவுசெய்தவள் அவள்தான், அவளுடைய உச்சரிப்பில் குற்றமில்லை என்பதற்காக. அப்படி இறங்கி நின்று பேசியது ஒருமுறை உண்டு. நான்கு ஆண்டுக்கு முன், இதே தடத்தில், ஷின்ஜுகு நடைமேடையில், கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போக நடுவில் தூணாக நின்று. அம்மா கிடையில் விழுந்த வாரம். கோமதி அக்கா அழைத்தாள். இப்பம் கிளம்ப முடியாதுக்கா. இல்ல, நான் அப்படிச் சொல்லல. தெரியும். நீதான் பாத்துக்கிடுத, எனக்குத் தெரியாதா. ஆண்டு முடிவு, கணக்கெடுப்பு, நான் இல்லாம நடக்காது. சரி, வச்சிரு. தான் சொன்னவை ஆறும் வரிசை மாறாமல் இருக்கின்றன. கோடு, வரி, கோடு, வரி. அக்கா என்ன சொன்னாள்? ஒன்றுகூட இல்லை. நான்கு ஆண்டாகத் தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவே. விடை எட்டு வகை என்று வகுப்பில் பாடம் சொன்னார்கள், நேர், மறை, ஏவல் என்று அவள் இன்றும் அடுக்குவாள். கேள்வியைத் தொலைத்துவிட்டு விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. இதை இப்போது நினைக்காதே. அம்மா இல்லை. பெட்டிகள் இருக்கின்றன.

நகானோவில் வண்டி நின்றது, கிளம்பவில்லை. எந்தப் பெட்டியிலோ ஒரு குடை கதவில் சிக்கிக்கொண்டதாக அறிவித்தார்கள், வருத்தம் தெரிவித்தார்கள், மறுபடியும் வருத்தம் தெரிவித்தார்கள். எட்டு ஐம்பத்து நான்கு. எட்டு ஐம்பத்தாறு. பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கணக்குப் பார்த்தாள், ஏனெனில் எதையும் இரண்டு பக்கமும் பார்ப்பது அவளுடைய முறை. ஒன்றும் ஆகாது. ஒருவரும் அறியமாட்டார்கள். பட்டியலில் அவள் எழுதியது, சிதைந்த பகுதி, ஏழு. அந்தப் பரண்வீட்டாருக்குத் தெரியாது, இனோகுமாவுக்குத் தெரியாது, ஒப்பந்தம் நீளும், ஓராண்டு, பிறகு இன்னோர் ஆண்டு. தெரிந்தவள் ஒருத்தி இருப்பாள், நாள்தோறும் இந்தக் கம்பிக்கருகில் நிற்பாள், யார் அங்கே என்று ஒரு பக்கத்திலிருந்து கேட்கும், பாலம் போய்விட்டது என்று அவள் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாள், ஓகிகுபோ வரும்போதெல்லாம். அப்படி வாழ முடியாது. முடியும், பலர் வாழ்கிறார்கள். என்னால் முடியாது. அவள் பையிலிருந்து கைபேசியை எடுத்து, பேசாமல், இனோகுமாவுக்கு எழுதினாள். என் பட்டியல் தவறு. நூற்று நாற்பத்தொன்று முதல் நாற்பத்தேழு வரை சிதைந்த பகுதிகள் அல்ல. ஒரே நாடகத்தின் ஏழு ககினுகி என்று கருதுகிறேன். இன்றைய பெட்டிகளை நிறுத்தப் போகிறேன். முத்திரை என்னுடையது, பிழையும் என்னுடையது. படித்துப் பார்த்தாள். கருதுகிறேன் என்பதை அடிக்கலாமா என்று எண்ணி, இன்னும் கண்ணால் காணவில்லையே என்று விட்டுவைத்தாள். குழு ஒன்பதுக்குக் கூடும். அவர் இதைக் கூட்டத்துக்கு முன்னால் படிக்கலாம், பின்னால் படிக்கலாம், அவளுடைய பெயரை எடுத்துவைக்கும் அந்த நொடியிலேயே படிக்கலாம். திரும்பிப் போக வழியில்லாமல் செய்துகொள்வதற்காகவே அவள் அதை அனுப்பினாள். எட்டு ஐம்பத்தொன்பது. வண்டி கிளம்பியது.

ஷின்ஜுகுவில் பாதிப்பேர் இறங்கி அதே அளவு ஏறினார்கள். மழைச்சட்டைப் பெண்ணும் இறங்கினாள். இறங்குமுன் மரகதவல்லியைப் பார்த்து, பேசியதற்காக, லேசாகத் தலை தாழ்த்தினாள். மரகதவல்லி பதிலுக்குத் தன் தலையை அவளைவிடத் தாழ்த்தியதும் அந்தப் பெண் குழம்பிப்போனாள். யொத்சுயா நெருங்கும்போதுதான் அடுத்தது வந்தது. அளவு. ஏழில் ஒன்று விளிம்பு வெட்டப்பட்டுச் சற்றுச் சிறியதாக இருந்தது. பெட்டிகளில் அடுக்கும்போது அவள் வரிசையெண்ணைப் பார்க்கவில்லை, அளவைப் பார்த்தாள். சிறியவை ஒரு பெட்டியில், பெரியவை வேறொன்றில், இடைவெளி வீணாகாமல், மூலைகள் மடங்காமல். அழிக்கப் போகிறவற்றின் மூலைகள் மடங்காமல். சிறியவை முதற்பெட்டி. முதற்பெட்டி திங்களன்று போய்விட்டது. ஏழாவது ஏடு இல்லை. என்ன இருந்தது அதில்? மூன்று இடத்தில் ஒரே வரி: குடையை வாசலிலேயே வை. வேறு? நினை. நினை. இன்னொரு வரி: நான் உன்னை எதிர்பார்க்கவில்லை என்று யார் சொன்னது? இந்த இரண்டும்தான். பன்னிரண்டு இதழ்கள் இருந்தன, எல்லாவற்றையும் புரட்டினாள், எண்ணினாள், எண்ணியதால் படிக்கவில்லை. மழையில் வந்தவனிடம் பேசியவள் ஒருத்தி. பெண்தான், ஜப்பானிய மொழியில் பெண்கள் பேச்சுக்கே உரிய வினைமுடிவு அது. அவள் பேசியது முழுவதும் கூழாகிவிட்டது. சரி. ஆறு இருக்கிறது. ஆறுக்காக ஓடு.

ஓச்சனோமிசுவில் ஒன்பது இருபதுக்கு இறங்கினாள். சரிவில் ஓடினாள், ஐம்பத்து மூன்று வயதில், மழையில், குடையை விரிக்காமல், ஏனெனில் விரித்த குடையோடு ஓட முடியாது. கட்டடத்தின் வாசலில் வெள்ளை வண்டி நின்றிருந்தது, நேரத்துக்கு முன்னாலேயே. மூன்று பெட்டிகளும் தள்ளுவண்டியில். நெமொத்தோ, முப்பது ஆண்டு மேடையில், பார்வையாளர் காணாததாகக் கொள்ளும் கறுப்புடை உடுத்தி நடிகர்களுக்குப் பின்னால் மண்டியிட்டுப் பொருள் எடுத்துக் கொடுத்தவர், இப்போது நூலகத்தின் சாவிகளை வைத்திருப்பவர், படிவத்தில் முத்திரையிடக் குனிந்திருந்தார்.

"நெமொத்தோ-சான், முத்திரை வேண்டாம்."

அவர் நிமிர்ந்து, அவள் தலையிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்தார். "நீங்கள் ஓடுவீர்கள் என்று எனக்குத் தெரியாதே."

"பெட்டிகளை மேலே எடுத்துப் போக வேண்டும். என் பட்டியல் தவறு."

"உங்கள் பட்டியலா?" அவர் முத்திரையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "அது என் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா? முப்பது வருடம் மேடையில் நின்றேன், ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்காமல் இருந்தால் பெட்டி எப்படி மேலே போனது என்று யாருக்கும் தெரியாது."

"நன்றி. ஆனால் பார்த்ததாகவே இருக்கட்டும். இனோகுமா-சானுக்கு எழுதிவிட்டேன்."

வண்டியோட்டி, கையில் படிவம் செருகிய பலகையோடு நின்றவர், பணிவாகக் குறுக்கிட்டார். "ரத்து என்றால் காரணம் எழுத வேண்டும், அம்மா. தேர்ந்தெடுக்க மூன்று கட்டம் இருக்கிறது. தேதி மாற்றம், முகவரி மாற்றம், பிற."

"பிற" என்றாள் மரகதவல்லி.

"பிற என்றால் கீழே விவரம் எழுத வேண்டும்."

அவள் ஈரக்கையை மார்போடு தேய்த்துத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். கட்டத்தின் கீழே எழுதினாள்: அட்டவணையாளர் உள்ளே படிக்கவில்லை. வண்டியோட்டி அதைப் படித்துவிட்டு, இவ்வளவு போதும் என்றார். நெமொத்தோ தள்ளுவண்டியைத் திருப்பி மின்தூக்கிக்குள் ஏற்றினார். "குடை எங்கே?" என்றார் போகிற போக்கில். அவள் கையைப் பார்த்தாள். குடை இருந்தது, மடித்தபடியே. நூலகத்துக்குள் ஈரக்குடை கூடாது என்பது இன்னொரு விதி, அதையும் அவளே எழுதினாள். அதை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பின்னர் முடிவானவை இவை. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் ஆறு ஏடுகள் பெட்டிகளிலிருந்து எடுக்கப்பட்டன. நான்கு மூன்றாம் பெட்டியில், இரண்டு நான்காம் பெட்டியில். ஆறும் ஒரே நாடகத்தைச் சேர்ந்தவை என்பது வரிகளை எதிரெதிரே அடுக்கியதில் உறுதியானது. திங்களன்று போன பெட்டிகள் செவ்வாய் மாலையே கரைக்கப்பட்டதாக ஆலையிலிருந்து சான்றிதழ் வந்தது; அதில் குறை ஒன்றும் இல்லை. மற்ற உருப்படிகள் இருநூற்றேழில் கையில் எஞ்சியவை மறுபடி பார்க்கப்பட்டன, இம்முறை உள்ளே படித்து. அவற்றில் மேலும் மூன்று மீட்கப்பட்டன, திங்களன்று போனவற்றில் எத்தனை என்பது தெரியாது என்றே எழுதப்பட்டது. அவளுடைய ஒப்பந்தம் ஓராண்டுக்கு அல்லாமல் ஆறு மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டது. இனோகுமா, அவள் ரயிலிலிருந்து எழுதிய செய்தியைக் கூட்டத்தின் நடுவில் படித்ததாகவும், அதைக் குழுவினருக்கு உரக்கப் படித்துக் காட்டியதாகவும் சொன்னார். மறுப்புப் பட்டியலில் இனி இருவர் முத்திரையிட வேண்டும் என்ற விதி சேர்ந்தது, முன்மொழிந்தவள் அவள். ஏழாவது ஏட்டிலிருந்து அவள் நினைவில் வைத்திருந்த இரண்டு வரிகளைப் படியில் சேர்க்கலாம் என்று குழு கருதியது, நினைவு சான்றாகாது என்று அவள் மறுத்தாள், மறுப்பு ஏற்கப்பட்டது. நாடகம், தலைப்பு அறியப்படாதது, பாத்திரங்கள் ஏழு, கிடைத்தவை ஆறு என்று அட்டவணையில் ஏறியது. செப்டம்பரில் ஓய்வுபெற்ற நடிகர்கள் ஆறு பேர் வாசிப்பறையில் அமர்ந்து அதை வாசித்தார்கள். ஏழாமவளின் முறை வந்தபோதெல்லாம் ஒருவரும் அவளுக்காகப் பேசவில்லை. ஒரு மூச்சு நேரம் காத்திருந்துவிட்டு மேலே போனார்கள். அவ்வாறு காத்திருந்தவை நாற்பத்தோர் இடங்கள்.

அந்த வாசிப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், மரகதவல்லி சங்கரன்கோவிலுக்குத் தொலைபேசினாள். நான்கு ஆண்டுக்கு முன் அந்த நடைமேடையில் தன்னிடம் என்ன சொன்னாய் என்று கோமதி அக்காவிடம் கேட்டாள். கையில் பென்சில் வைத்திருந்தாள், எழுதிக்கொள்வதற்கு. அக்கா, "நான் என்ன சொன்னேம்னு எனக்கே ஞாபகம் இல்லட்டி" என்றாள். "நீ சொன்னதுதான் ஒண்ணு விடாம இருக்கு."